பச்சை டிக் விழுந்த பிறகும்

காலை 10.30 மணிக்கு டாக்டர் ஓர் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்: தினம் இருவேளை. காகிதச் சார்ட் இருந்த நாளில் நர்ஸ் அதைக் கையில் எடுத்ததும், “டாக்டர், முதல் டோஸை இப்பவே போட்டுடவா?” என்று கேட்டுவிட்டு, அடுத்ததை இரவுக்குக் குறித்துக்கொள்வார். மென்பொருளில் அந்தக் கேள்வி எழவே எழாது. ‘தினம் இருவேளை’ என்ற தேர்வுக்குப் பின்னால் காலை 9, இரவு 9 என்று நேரம் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. காலை 9 தாண்டிவிட்டதால் முதல் டோஸ் இரவு 9 மணிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தரை மணி நேரம் மருந்தே ஏறாது. திரையில் எங்கும் சிவப்பு தெரியாது. கணினியின் கணக்கில் எதுவும் தாமதம் ஆகவில்லையே! டாக்டர் எழுதிவிட்டார், மருந்தகம் சரிபார்த்துவிட்டது, நர்ஸ் குறித்த நேரத்தில் போட்டுவிட்டார். காய்ச்சல் மட்டும் குறையவில்லை.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். அவசரப் பிரிவில் மாலை 7.30க்கு ஒரு டோஸ் போட்டு நோயாளியை வார்டுக்கு அனுப்புகிறார்கள். வார்டில் அதே மருந்துக்குப் புது ஆர்டர். இரவு 9 மணிக்கு அடுத்த டோஸ் காத்திருக்கிறது. அவசரப் பிரிவு ஒரு மென்பொருளிலும் வார்டு வேறொன்றிலும் ஓடும் இடங்களில், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு போட்ட டோஸ் வார்டு நர்ஸின் கண்ணில் படாது.

மருத்துவமனைக்குள் கணினி வந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வேலை குறைந்ததா கூடியதா என்றுதான் பேச்சு போகும். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொண்ட விஷயங்களில் எவற்றை மென்பொருளின் ஓர் அமைப்புப் பக்கம் (செட்டிங்ஸ்) வாய் திறக்காமல் தீர்த்துவைக்கிறது? அந்த அமைப்பை யார், எப்போது, எந்த வார்டை மனதில் வைத்துப் போட்டார்கள்? பல இடங்களில் மென்பொருள் நிறுவிய வாரத்தில் அவசரமாகப் போட்ட நேர அட்டவணை, வருடக்கணக்கில் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது.

முதல் டோஸ் சிக்கலுக்கு வழி எளிது. ‘முதல் டோஸ் உடனே’ என்பதை ஆர்டரிலேயே தனி வரியாக வைத்து, ஆன்டிபயாடிக் எல்லாவற்றுக்கும் அது தானாகவே தேர்வாகி இருக்கும்படி செய்யலாம். வேண்டாம் என்றால் டாக்டர் எடுத்துவிடட்டும். அடுத்த டோஸின் நேரத்தைக் கணக்கிடும்போது கடைசியாகப் போட்ட நேரம், எந்தப் பிரிவில் போட்டிருந்தாலும், அதே வரியில் தெரிய வேண்டும். வான்கோமைசின், ஜென்டாமைசின் போல ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்துகளை இந்த 9-9 அட்டவணையிலிருந்தே வெளியே எடுத்துவிடுவது நல்லது. அவற்றில் ரத்தம் எடுத்த நேரமும் மருந்து ஏற்றிய நேரமும் நிமிடக் கணக்கில் தெரிந்தால்தான் ரிசல்ட்டுக்கு அர்த்தம். 9 மணி டோஸை 9.40க்கு ஏற்றிவிட்டு, திரை ஏற்கெனவே காட்டும் 9.00 என்பதை அப்படியே சேமித்தால், லேப் அனுப்பும் எண் சரியாக இருந்தும் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறாகிவிடும்.

நேரத்தை விட ஆபத்தானது அலகுப் பெட்டி, அதாவது மி.கி.யா மி.கி./கிலோவா என்று தேர்ந்தெடுக்கும் இடம். 2013ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்து, பின்னர் அவர்களே வெளிப்படையாகப் பேசிய சம்பவம் இது. 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு எடைக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கிலோவுக்கு 5 மி.கி. என்று கணக்கிட்டால் 193 மி.கி. வருகிறது. மாத்திரையோ 160 மி.கி. மருந்தாளுநர், “160 என்று மாற்றி எழுதிவிடுங்கள்” என்று செய்தி அனுப்புகிறார். டாக்டர் 160 என்று தட்டுகிறார். பக்கத்துப் பெட்டி இன்னும் ‘மி.கி./கிலோ’வில் நிற்கிறது. கணினி 160ஐ 38.6ஆல் பெருக்கி, கிட்டத்தட்ட முப்பத்தெட்டரை மாத்திரை என்று முடிவு செய்தது. ஒரு மாத்திரை போக வேண்டிய இடத்தில் 38½.

எச்சரிக்கை வராமல் இல்லை. டாக்டருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் மூடிவிட்டார்கள். நாள் முழுக்க வந்த மற்ற பாப்-அப்களின் அதே உருவம், அதே நிறம், அதே பொத்தான். மருந்தை எண்ணிப் பொட்டலம் போட்ட இயந்திரத்துக்குச் சந்தேகப்படத் தெரியாது. இத்தனை மாத்திரையா என்று நர்ஸுக்கு உறுத்தியது. ஆனால் பார்கோடை ஸ்கேன் செய்தபோது ஆர்டரும் பொட்டலமும் பொருந்தின. பையனுக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தான்.

பார்கோடு எதைச் சரிபார்க்கிறது என்பது இங்கே வெளிச்சமாகத் தெரிகிறது. கையில் இருப்பதும் ஆர்டரில் இருப்பதும் ஒன்றா என்று மட்டுமே அது பார்க்கும். ஆர்டரே தப்பு என்றால் அந்தத் தப்பை மிகத் துல்லியமாக நிறைவேற்றிக் கொடுக்கும்.

ஆகவே சில இடங்களில் ‘சரி’ பொத்தானே இல்லாத தடுப்பு வேண்டும். மருந்துக்கு மருந்து ஒரு தடவைக்கான உச்ச அளவைப் பதிந்து, அதைத் தாண்டினால் ஆர்டர் போகவே கூடாது. மி.கி. எண்ணுக்குப் பக்கத்தில் ‘மாத்திரை: 38½’ என்று பெரிய எழுத்தில் காட்டினால் போதும், மனிதக் கண்ணுக்கு உடனே உறைக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டுவாதத்துக்கு எழுதும்போது ‘தினமும்’ என்ற தேர்வே பட்டியலில் வரக்கூடாது, ‘வாரம் ஒருமுறை’ மட்டும், எந்தக் கிழமை என்பதோடு. மருந்துத் தேடலில் மூன்று எழுத்துத் தட்டியதும் பட்டியல் விழுந்தால் பெயர் ஒத்த மருந்துகள் அடுத்தடுத்து வந்து நிற்கும், விரல் தவறும். ஐந்து எழுத்தாவது கேட்கட்டும்.

இந்தத் தடுப்புகளுக்கு மரியாதை கிடைக்க வேண்டும் என்றால் மற்ற அலர்ட்களைக் களையெடுக்க வேண்டும். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறந்தள்ளப்படுகின்றன என்று 2006ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. மாதம் ஒருமுறை புறந்தள்ளல் பட்டியலை அலர்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலே போதும். பத்தில் ஒன்பது முறை மூடப்படும் அலர்ட் யாரையும் காப்பாற்றவில்லை, அடுத்து வரும் நல்ல அலர்ட்டையும் படிக்காமல் மூடக் கற்றுக்கொடுக்கிறது. அதை எடுத்துவிடத் தயங்குவது மருத்துவக் காரணத்தால் அல்ல, ‘நாளைக்கு ஏதாவது ஆனால்’ என்ற பயத்தால்தான்.

இவ்வளவு சொன்னாலும் பார்கோடைக் குறை சொல்ல மனம் வராது. வாடகைக் கார் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஸ்கேனரைப் பார்த்த ஒரு நர்ஸுக்கு, காருக்கு முடிந்தது மாத்திரைக்கு முடியாதா என்று தோன்றியதிலிருந்து அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் தொடங்கிய முறை அது. 2010ல் வெளியான பெரிய ஆய்வில், நேரம் தவிர்த்த மற்ற மருந்து கொடுக்கும் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. 2008ல் வந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைச் சொல்கிறது. ஸ்கேன் முறையைச் சுற்றிப் போகும் குறுக்கு வழிகள் 15 வகை, அவற்றுக்கான காரணங்கள் 31.

அந்தக் காரணங்களை வார்டில் எண்ணிப் பார்க்கலாம். கையில் கட்டும் பட்டையில் அச்சு, கை கழுவும் ஸ்பிரிட் பட்டுப் பட்டு மங்கிவிடும். கோடு கோடான பார்கோடு வளைந்த மணிக்கட்டில், அதிலும் குழந்தையின் மணிக்கட்டில், படிக்காது. சதுரக் கட்டக் குறியீடு அங்கே எவ்வளவோ மேல். மாத்திரை அட்டையை வெட்டும்போது குறியீடு இருந்த துண்டு முந்தைய நோயாளியோடு போயிருக்கும். அரை மாத்திரைக்குக் குறியீடே கிடையாது, மருந்தகம் தனியாகப் பொட்டலம் போட்டு ஒட்டினால்தான் உண்டு. ட்ரிப் பையின் பளபளப்பில் ஸ்கேனர் ஒளி சிதறும். கணினி வண்டியின் பேட்டரி பாதி ரவுண்டில் இறங்கும். தனிமை அறை வாசலோடு வண்டி நின்றுவிடும், வை-ஃபை ஒரு மூலையில் துண்டித்து மறுபடி லாகின் கேட்கும். முப்பது நோயாளிகளுக்குக் காலை மருந்து போட வேண்டிய நர்ஸ் என்ன செய்வார்? பட்டையின் இன்னொரு பிரதியை அச்சடித்து வண்டியில் ஒட்டிவைத்துக்கொள்வார். ஸ்கேன் விகிதம் நூறை நெருங்கும், நிர்வாகக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும், சோதனை மட்டும் செத்துப்போயிருக்கும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஸ்கேன் பதிவில் நேரத்தைப் பாருங்கள். வார்டின் இரண்டு கோடிகளிலும் இருக்கும் நான்கு நோயாளிகளின் பட்டை ஒரே நிமிடத்தில் ஸ்கேன் ஆகியிருந்தால் அது கட்டிலருகே நடந்ததல்ல. பட்டை அச்சிடும் பிரிண்டரில் ஒரே நோயாளிக்கு மூன்று நான்கு பிரதிகள் போயிருந்தால் அதுவும் தடயம். கைப்பட்டைக் குறியீட்டில் ஒரு முன்னெழுத்தைச் சேர்த்து, கோப்பில் ஒட்டும் லேபிளை அந்த இடத்தில் ஏற்காதபடி செய்யலாம். ஆனால் நர்ஸுக்கு மெமோ கொடுப்பதற்கு முன்னால் பேட்டரியை மாற்றுங்கள். குறுக்கு வழி என்பது பெரும்பாலும் யாரும் வாங்காத புகார் மனு.

தவறான நோயாளியின் கோப்பில் ஆர்டர் எழுதுவது இன்னொரு நோய். இரண்டு நோயாளிகளின் கோப்பை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும்போது போன் வந்தால் போதும். எழுதிய ஆர்டரைப் பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்து, அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே மருத்துவர் வேறு நோயாளிக்கு அதையே எழுதினால் அது பெரும்பாலும் ஆள் மாறியதுதான். இந்த அளவுகோலை எந்த மருத்துவமனையும் தன் பதிவிலிருந்தே எடுக்கலாம். 2013ல் வெளிவந்த ஆய்வில், நோயாளியின் அடையாளத்தை டாக்டரே மறுபடி தட்டச்சு செய்யும்படி வைத்தபோது இது 41 சதவீதம் குறைந்தது. வெறுமனே ‘இவர்தானா’ என்று கேட்டு ‘ஆம்’ வாங்கியபோது 16 சதவீதம்தான். பிறந்த குழந்தைகளின் பெயரில் தாயின் பெயரைச் சேர்த்து எழுதியதாலேயே 36 சதவீதம் குறைந்ததாக 2015ல் வந்த ஆய்வு சொல்கிறது. செலவே இல்லாத மாற்றம், எல்லோரும் ஏன் செய்வதில்லை என்பது புரியாத புதிர்.

லேப் பக்கம் சிக்கல் லேபிளில் தொடங்குகிறது. காலை ரத்தம் எடுக்கும் எல்லோருக்கும் நர்ஸ் மேசையில் மொத்தமாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஒருவரின் லேபிள் இன்னொருவரின் குழாயில் ஏறுவது என்றாவது ஒருநாள் நடந்தே தீரும். இடுப்பில் மாட்டும் சிறு பிரிண்டரால் பட்டையை ஸ்கேன் செய்தபின் கட்டிலருகே அச்சடிப்பதே சரி. லேபிள் குழாயின் நீளவாக்கில் நேராக, மூடிக்குக் கீழே, ரத்த மட்டம் தெரிய ஒரு இடைவெளி விட்டு ஒட்டப்பட வேண்டும். சாய்ந்தோ சுற்றியோ ஒட்டினால் இயந்திரம் படிக்காது, டெக்னீஷியன் எண்ணைக் கையால் தட்டுவார், பார்கோடு வைத்ததன் பயனே போச்சு.

பதிவு எழுதுவதில் நேற்றைய குறிப்பை நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒரு மணி நேரம் நோயாளியைப் பார்க்கும் டாக்டர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் திரையோடும் மேசை வேலையோடும் கழிக்கிறார் என்று 2016ல் ஓர் ஆய்வு வெளிநோயாளிப் பிரிவுகளில் கணக்கெடுத்தது. அந்த நெருக்கடியில் நகலெடுக்காமல் என்ன செய்வார்கள்? காலியாக இருக்க வேண்டிய பெட்டியில் ‘இயல்பு’ என்று முன்கூட்டியே நிரப்பி வரும் படிவத்தை மட்டுமாவது ஒழித்துக்கட்டலாம். பார்க்காத கண்ணையும் தொடாத வயிற்றையும் இயல்பு என்று எழுதிவைப்பது அதுதான்.

கடைசியாக, கணினி நின்றுபோகும் நாள். நின்றிருக்கும் நேரத்தைவிட அது திரும்பி வரும் முதல் ஒரு மணி நேரம் மோசமானது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு கணினி யு.பி.எஸ். இணைப்பில் இருக்க வேண்டும். நெட்வொர்க் போனாலும் திறக்கும்படி, நோயாளிகளின் மருந்துப் பட்டியலும் ஒவ்வாமையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். பக்கத்திலேயே ஒரு பிரிண்டர், நெட்வொர்க் வழியாக அல்ல, கேபிளில். காகிதப் படிவங்கள் அலமாரியில் இருந்தால் போதாது, புது ஆட்களுக்கு நிரப்பிக் காட்டியிருக்க வேண்டும்.

மென்பொருள் உயிர்பெற்றதும் இடைப்பட்ட டோஸ் எல்லாவற்றையும் ‘கொடுக்கப்படவில்லை’ என்று சிவப்பில் வரிசையாகக் காட்டும். பாதிக்கு மேல் காகிதத்தில் குறித்துப் போட்டு முடித்தவை. ஷிப்ட் மாறி வந்த நர்ஸ் சிவப்பைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடுவார். ஆகவே உள்ளிடும் வரிசையை முன்பே முடிவு செய்ய வேண்டும். முதலில் சேர்க்கை, படுக்கை மாற்றம், ஒவ்வாமை. அடுத்து புது ஆர்டர்கள், நிறுத்திய ஆர்டர்கள். அதன் பிறகு போட்ட டோஸ்கள், தட்டும் நேரத்தோடு அல்ல, போட்ட நேரத்தோடு. ஒரு நோயாளிக்கு இவை மூன்றும் முடிந்ததும் காகிதத்தின் தலையில் ‘ஏற்றியாயிற்று’ என்று நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை அந்தக் கட்டிலுக்குக் காகிதம்தான் சார்ட். திரையில் சிவப்பு எவ்வளவு நேரம் நின்றாலும் அதைப் பார்த்து யாரும் ஊசியை எடுக்கக்கூடாது.