முதல் ஆண்டா, இரண்டாம் ஆண்டா?

“ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும், ஐயா.”

முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்ட அன்று அந்த மாணவி சொன்னது இவ்வளவுதான். மீதியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் திட்டத்தின் வரிசையை மாற்றினேன்.

சயாம் மரண ரயில் பற்றிய ஆய்வு அது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். நம்மவர்கள் விட்டுச்சென்றதில் பெரும்பகுதி வாய்ச்சொல். பதினைந்து வயதில் போனவர்கூட இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அதனால்தான் நேர்காணலை முதல் ஆண்டிலேயே வைத்திருந்தார் மாணவி.

நான் அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளினேன். முதலில் வாய்மொழி வரலாற்று முறையியல், மனிதர்களிடம் ஆய்வு செய்ய நெறிக்குழு தரும் அனுமதி, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சில மாதங்கள், பிறகு களம்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. முன்பின் பழக்கமில்லாமல் ஒரு முதியவரிடம் போய், செத்தவர்களைப் பற்றிக் கேட்டு அழவைத்துவிட்டு, ஒலிப்பதிவோடு திரும்புவது ஆய்வாகாது. ஒப்புதல் கையெழுத்து இல்லாத பதிவை ஆய்வேட்டில் சேர்க்கவும் விடமாட்டார்கள். இதையெல்லாம் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பெரியவர் இருந்தார். மாணவியின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இரண்டாம் ஆண்டில், எல்லாப் படிவங்களோடும் மாணவி போனபோது பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை. “போன தீபாவளி வரைக்கும் ராத்திரி முழுக்கப் பேசுவாரும்மா” என்றாராம் மருமகள்.

மாணவி என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூத்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் விரைவாக அனுமதி கேட்டுப் பார்த்திருக்கலாம். மேற்பார்வையாளரையும் உடன் அனுப்பியிருக்கலாம். அன்று அது தோன்றவில்லை. உண்மையிலேயே தோன்றவில்லையா, அல்லது அட்டவணை ஒழுங்காக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேனா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது. முதல் ஆண்டில் போயிருந்தாலும் அவர் பேசியிருப்பாரா என்று சில நேரம் கேட்டுக்கொள்கிறேன். மருமகளின் சொல்லை நினைத்தால் அந்த ஆறுதலும் நிற்பதில்லை.

சென்ற வாரம் இன்னொரு திட்டம் என் மேசைக்கு வந்தது. அதிலும் முதல் ஆண்டிலேயே நேர்காணல். ஓரத்தில் பென்சிலால் “நெறிக்குழு அனுமதி?” என்று எழுதினேன். இன்னும் அழிக்கவில்லை.