செவலையின் ஆறு குட்டிகளும் எட்டு வாரக் கணக்கும்

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியைக் கேட்டு வந்த என் கணவரின் சித்தப்பாவிடம் ஐப்பசி மாதத்தில் ஒரு வார்த்தை ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால், கார்த்திகையில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று நாய்க்கடிக்கான நான்கு தவணை ஊசிக்காக மழையில் அலைந்திருக்காது. நாய் வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். மீதிப் பாதியில் நான் எங்கெங்கே சறுக்கினேன் என்பதைச் சொல்லிவிட்டால் அடுத்தவராவது தப்பிப்பார் என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அம்மாபேட்டைக்குப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. செவலை எங்கள் வீட்டு நாட்டு நாய். 2024 அக்டோபர் 10 அன்று, ஆயுத பூஜைக்கு முதல் நாள் இரவில், யாருடைய உதவியும் இல்லாமல் ஆறு குட்டிகள் ஈன்றது. பிரசவம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

நான்காம் நாள் விடியற்காலையில் பெய்த மழையில் மின்சாரம் போயிற்று. பெட்டியின் மேல் கட்டியிருந்த குண்டு பல்பு அணைந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கூட்டத்திலிருந்து உருண்டு ஒதுங்கிவிட்ட சின்னக் குட்டி, கையில் எடுத்தபோது ஈரத்துணி போலச் சில்லிட்டிருந்தது. பதற்றத்தில் நானும் என் மாமியாரும் பசும்பாலைச் சூடாக்கி, பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் அதை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையில் ஊற்றினோம். இரண்டாம் மடக்கிலேயே மூக்குத் துவாரங்களில் பால் நுரைத்து நின்றது. மதியத்துக்குள் குட்டி போய்விட்டது. சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடுதான் தர வேண்டும் என்பதை மருத்துவர் பிறகு சொன்னார்: குளிர்ந்த குடலில் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அணைத்துவைத்து, உடல் கதகதப்பான பிறகே பால், அதுவும் குப்புறக் கிடக்கும் நிலையில், நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து. நாயின் பாலில் இருக்கும் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இல்லை என்பதால், நாங்கள் நல்லது என்று ஊற்றியது எந்த வகையிலும் நல்லதாக இருக்கவில்லை.

அன்றிலிருந்து சமையலறைத் தராசில் தினமும் எடை பார்க்கத் தொடங்கினேன். பிறந்தபோது 300 கிராம் இருந்த குட்டி பத்துப் பன்னிரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டும். ஒரே ஒரு நாள் எடை ஏறாவிட்டாலும் அதைத் தனியாக எடுத்துத் தாயின் பின்மடியில், பால் அதிகம் சுரக்கும் காம்பில் பிடித்து வைக்க வேண்டும். அத்தை இதைப் பார்த்து, “நான் ஆறு பெத்தேன், ஒண்ணைக்கூடத் தராசுல வச்சதில்லை” என்றார். அதன்பின் குட்டி எதுவும் இறக்கவில்லை என்பதையும் அவரே ஊருக்குச் சொன்னார்.

இரண்டாம் வாரம் குடற்புழு மருந்து. எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டியதை, மருந்துக்கடைப் பையன் “கால் மூடி ஊத்துங்க” என்றான். நான் எடைச்சீட்டை நீட்டி மருத்துவரிடம் கேட்டே கொடுத்தேன். மறுநாள் மலத்தில் வெந்த சேமியா போலப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. கருவிலேயே தாயிடமிருந்தும், பிறகு பாலின் வழியாகவும் இவை குட்டிக்கு வந்துவிடுமாம். ஆகவே நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களிலும் கொடுத்தேன், செவலைக்கும் சேர்த்துத்தான்.

தீபாவளி அக்டோபர் 31. குட்டிகளுக்குச் சரியாக மூன்று வாரம். காது திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. இதை நான் முன்னரே கணக்குப் போட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சரவெடிக்கு மிரண்ட செவலை ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது. இரவு பத்து மணிக்குப் பேட்டரி விளக்குடன் தேடி, வைக்கோல் போரின் அடியில் நான்கைக் கண்டெடுத்தோம். ஐந்தாவது, மோட்டார் கொட்டகையில் காலி யூரியா சாக்குக்குள் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐப்பசியில் குட்டி ஈனும் நாய் வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே எல்லாவற்றையும் உள்ளறைக்கு மாற்றி, சன்னலை அடைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். அறையில் டைல்ஸ் போட்டிருந்தால் கோணியை விரியுங்கள். வழுக்கும் தரையில் குட்டியின் கால்கள் விரிந்து நடை கெட்டுப்போகும்.

மூன்றாம் வாரம் தொடங்கி பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையில் குட்டி எதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதுவே பிற்பாடு அதற்கு அச்சமில்லாத உலகம். இந்தப் பழக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. குக்கர் விசில், மிக்சி, களத்தில் நிற்கும் டிராக்டர், கோயில் ஒலிபெருக்கி ஆகியவற்றைத் தொலைவில் தொடங்கி ஒவ்வொரு நாளும் சற்றே நெருக்கமாகக் கேட்கவைத்தேன். சிமெண்டுக் களம், வைக்கோல், ஈர மண் மூன்றிலும் நடக்கவிட்டேன். பாதத்தையும் காதையும் வாயையும் தினமும் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். இப்படிப் பழகிய குட்டி மருத்துவரின் மேசையில் திமிறுவதில்லை. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சென்று ஐந்து நிமிடம் என்னுடன் மட்டும் இருக்கவிட்டேன், புது வீட்டில் முதல் இரவே தனிமை தெரிய வேண்டாம் என்று. குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், தடி ஊன்றிய தாத்தா, கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என எல்லாரையும் வரவழைத்தேன். விட்டுப்போனது மழைக்கோட்டு. சரசரத்துக்கொண்டு வந்த பால்காரரைக் கண்டு ஐந்தும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டன. ஒரு வாரம் அந்த மழைக்கோட்டைப் பெட்டியின் பக்கத்தில் போட்டு, அதன்மேல் கறிச்சாறு பிசைந்த சாதத் தட்டை வைத்துத்தான் அந்தப் பயத்தைப் போக்கினேன்.

இந்த நேரத்தில்தான், ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பெரிய கோயிலில் அன்னாபிஷேகம் பார்க்க வந்த சின்ன மாமா (கணவரின் சித்தப்பா), திரும்பும் வழியில் கூடையுடன் எங்கள் வீட்டில் இறங்கினார். குட்டிகளுக்கு அன்று முப்பத்தாறு நாள். “பால் மறக்கிறதுக்குள்ள கொண்டுபோனாத்தாம்மா வீட்டோட ஒட்டும்” என்றார். எட்டு வாரம் முடியட்டும் என்று சொன்னேன். காசுக்கு விற்கிற வளர்ப்பாளர்களே எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி செய்திருப்பதையும் சொன்னேன். “நீ என்ன விக்கவா போற?” என்று சிரித்தார். கணவர் என்னைப் பார்த்தார், அத்தை சுவரைப் பார்த்தார். குட்டிகளிலேயே பெரிய ஆண் குட்டி கூடைக்குள் போயிற்று.

மீதி நான்கின் தடுப்பூசிக் கதை வேறு. ஆறு வாரம் முடிந்த நவம்பர் 21 அன்று அரை நாள் விடுப்பெடுத்துத் தஞ்சாவூரில் நான்கு குப்பி கூட்டுத் தடுப்பூசி வாங்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கால்நடை மருந்தகம் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐஸ் எங்கே?” என்றார். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டியது. நான்கும் குப்பைக்குப் போயின. அவர் செய்தது முழுக்கச் சரி. விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதே என் ஆத்திரம்.

சனிக்கிழமை பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்கில், குப்பிகள் பனியில் நேராகப் படாதபடி துணி சுற்றி எடுத்துப் போனேன். மருந்தகத்தில் பூட்டு தொங்கியது. வெளியில் உட்கார்ந்திருந்த உதவியாளர், “டாக்டர் கோமாரி ஊசி முகாமுக்குப் போயிட்டாரும்மா” என்றார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, “மாடு முடியணும்ல” என்றார். குப்பிகளைத் திருப்பிக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். அடுத்த வாரம் ஃபெஞ்சல் புயலுக்கு முந்திய மழை; பள்ளிகளுக்கு விடுமுறை, மணிக்கணக்கில் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்திருக்கும் அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு பிளாஸ்குடன் போய், “இதை உங்கள் பிரிட்ஜில் வைக்க முடியுமா?” என்று கேட்டபோது அவர் மனைவி அது மனிதருக்குப் போடும் ஊசி என்று நினைத்து மிகவும் அனுதாபப்பட்டார். டிசம்பர் 2 அன்று ஊசி போட்டாயிற்று. முதலில் மருத்துவருக்குத் தொலைபேசி, பிறகு பனிக்கட்டி, அதற்குப் பிறகே கடை: இந்த வரிசை எனக்கு மூன்று பயணத்தில் பிடிபட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் மன்னார்குடிப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. குட்டி, சின்ன மாமாவின் பேரன் கையைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, வலித்தால் கடிபட்டது வீலென்று கத்தும், விளையாட்டு நிற்கும். தாயும் மடியை அழுத்திக் கடித்தால் உறுமி எழுந்துவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற பாடம் ஐந்தாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில்தான் நன்றாக ஏறுகிறது. அதைப் படிக்க வேண்டிய வயதில் அது ஒரு தூணில் தனியாகக் கட்டிக் கிடந்திருக்கிறது. அந்த வீட்டில் யாரோ காயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, கட்டுப் போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிதானே என்று விடக் கூடாது. அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஓர் ஊசியும், அன்று தொடங்கி மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களில் கையில் ஊசியும் என்று குழந்தைக்குத் தவணை சொன்னார்கள்.

மறுநாள் சின்ன மாமா அதே கூடையைத் திண்ணையில் இறக்கி, “உன் நாய் கடிக்கிற சாதி” என்றார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

கடித்த நாய்க்கு வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் கண்காணிக்க வேண்டும். ஊசி போடாத குட்டி என்பதால் பார்வோ என்ற தொற்றும் குடல் நோயைக் கொண்டு வந்திருக்கக்கூடும் என்ற அச்சமும் இருந்தது; அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே அதைப் பழைய மாட்டுக் கொட்டிலில் தனியாக வைத்து, அதற்கென்று வேறு தட்டு, வேறு செருப்பு, உள்ளே போய் வந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவல் என்று பத்து நாளை ஓட்டினேன். உடன்பிறப்புகளோடு சேர வேண்டிய குட்டியைச் சேர்க்க முடியாமல், அவை விளையாடும் சத்தத்துக்கு அது தட்டியின் இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுதான் இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

இதற்கிடையில் மற்ற இரண்டு ஆண் குட்டிகள் எட்டு வாரம் முடிந்து போய்ச் சேர்ந்தன, ஒன்று பாபநாசத்துக்கு, மற்றொன்று அந்த அரிசி ஆலை வீட்டுக்கு. படுத்த துணியில் ஒரு துண்டு, தின்று பழகிய உணவு ஒரு வாரத்துக்கு, மருந்து எழுதிய அட்டை மூன்றையும் கூடவே கொடுத்தேன். வந்து கேட்டவர்கள் எல்லாருமே “பொட்டை வேண்டாம்” என்றார்கள். கருத்தடை செய்யலாம், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லியும் பயனில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால் இரண்டு பெண் குட்டிகள் மிஞ்சியது அந்தக் கடியனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பத்து நாள் கழித்து அவனுக்கு முதல் ஊசி போட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டேன். முதல் நாள் பெரியவளின் காதைக் கடித்தான். அவள் அலறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் குழம்பிப்போய் நின்றான். மறுபடி போனான், மறுபடி அலறல், இம்முறை செவலை வந்து அவன் மூக்கின்மேல் வாயை வைத்து அமுக்கி ஓர் உறுமல் உறுமியது. நாங்களும் அதையே செய்தோம்: கையில் பல் பட்டால் ‘ஆ’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது, அடிப்பதோ கத்துவதோ இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதில் அத்தைதான் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை, பாவம் என்று முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மார்கழி பாதியில் அவன் பல் மெத்தென்றாயிற்று.

பொங்கலுக்குச் சின்ன மாமா பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பையனை நான் திண்ணையில் உட்காரவைத்து, விரித்த உள்ளங்கையில் ஒரு பிஸ்கட் துண்டை வைத்தேன். குட்டி மெதுவாக வந்து உதட்டால் மட்டும் அதை எடுத்துக்கொண்டது. பையன் ஈரமான கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு பிஸ்கட் கேட்டான். சின்ன மாமா செருமிக்கொண்டு, “கூடை வண்டியிலதாம்மா இருக்கு” என்றார்.

அட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பாக்கி இருந்தது.

“தை கடைசியில் வாங்க மாமா” என்றேன்.