ஒரு முத்திரைக்காக தியாப்லோஸ் ஆட்டத்தையே கோட்டை விட்டிருப்பேன்

மெக்சிகோ சிட்டிக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம். ஆப்பிரிக்க வம்சாவளி மெக்சிகோக்காரங்க நிறைய இருக்கற பசிபிக் கரையோரம் கோஸ்தா சிக்கா பக்கம் போய், பிசாசு முகமூடி போட்டு ஆடற தியாப்லோஸ் ஆட்டத்தை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணணும்னு வருஷா வருஷம் சொல்லிட்டே இருந்து இந்த தடவைதான் கிளம்பினேன், அதுலயும் முதல் நாளை முழுசா வேஸ்ட் பண்ணேன்.

ஆட்டம் அக்டோபர் 31லேந்து நவம்பர் 2 வரைக்கும்தான், செத்தவங்க வீட்டுக்கு வந்து போற நாட்கள்ல. விட்டா அடுத்த வருஷம். அகபுல்கோ வரைக்கும் ஒரு பஸ், அங்கேந்து குவாஹினிகுயிலாப்பாவுக்கு (அங்க எல்லாரும் குவாஹின்னுதான் சொல்றாங்க) இன்னொரு பஸ், அதுல ஒரு தொல்லையும் இல்ல.

தொல்லையை நானே இழுத்து விட்டுக்கிட்டேன். மைக் எல்லாம் தூக்கிட்டு போறோமே, யாராவது கேட்டா காட்ட ஒரு பர்மிஷன் லெட்டர் இருக்கட்டும்னு 31ந்தேதி காலைல வழியில ஒரு ஆஃபீஸ்ல போய் நின்னேன் (எந்த ஊர்னு வேணாம்). ஒன்றரை மணி நேரம் கழிச்சு அந்தம்மா என் லெட்டரை வாங்கி முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்துட்டு கம்பெனி முத்திரை இல்லையேன்னாங்க. நான் சொந்த ஆசைல வந்திருக்கேன்னேன். அப்போ எங்க டைரக்டர் கையெழுத்து வேணும். அவர் எங்க? லீவு. எப்போ வருவார்? மூணாந்தேதி. மூணாந்தேதி நான் யாரை ரெக்கார்ட் பண்றது, காலித் தெருவையா?

சாயங்காலம் கடுப்போட குவாஹி போய் சேர்ந்தேன். ஆட்டக்காரங்க வீட்டு திண்ணைல ஒரு பெரியவர் முகமூடிக்கு குதிரை முடில தாடி கட்டிட்டு இருந்தார், மேல மான் கொம்பு ஏற்கனவே ஏத்தியாச்சு. என் முத்திரை கதையைக் கேட்டு சிரிச்சார். "எங்க ஆட்டத்துக்கு அவங்க எதுக்குப்பா முத்திரை குத்தணும்? என்னைக் கேட்டிருந்தா போதுமே." அப்புறம் அவர் அக்கா பையன் கதையை சொன்னார். செக்போஸ்ட்ல பஸ்ஸை விட்டு இறக்கி, ஐடி கார்டு காட்டியும் நம்பாம, நீ கியூபாக்காரன்தானே, மெக்சிகோ தேசிய கீதத்தை பாடுன்னு பாட வச்சிருக்காங்க. கறுப்பா இருக்கான், அவ்ளோதான் காரணம். 2019ல அரசியல் சாசனத்துலயே ஆப்ரோ-மெக்சிகன் மக்கள்னு பேர் ஏறிடுச்சு, 2020 சென்சஸ்ல 25 லட்சத்துக்கு மேல பேர் நாங்க அவங்கதான்னு பதிஞ்சாங்க, ஆனா செக்போஸ்ட்ல டார்ச் அடிக்கிறவன் அதையெல்லாம் எங்க படிக்கிறான். அதுக்கு மேல என் ஒன்றரை மணி நேரத்தைப் பத்தி நான் வாயைத் திறக்கல.

ரெக்கார்டிங்குக்கு போறவங்களுக்கு: போனை நம்பாதீங்க. போத்தேன்னு ஒரு சுரைக்குடுக்கை, வாய்ல தோல் கட்டி நடுவுல குச்சி, அந்தக் குச்சியைத் தேய்ச்சா நம்ம உறுமிக்கு அண்ணன் மாதிரி உறுமுது, கழுதைத் தாடை எலும்போட பல்லு கடகடன்னு ஆடுது, ரெண்டு வரிசையா நின்னு காலை ஓங்கி மிதிக்கறாங்க, இதுக்கு நடுவுல பாட்டைக் கொண்டு போறது ஒரே ஒரு மவுத் ஆர்கன். அதை வாசிக்கிறவர் பக்கத்துலயே ஒட்டிக்கோங்க, இல்லேன்னா ட்யூனே கிடைக்காது. நான் முதல் வீட்டுல ரெக்கார்டரை தரைல வச்சேன், புழுதியும் மிதியும்தான் பதிஞ்சிருக்கு.

சில்லறை கட்டாயம் வேணும். மிங்கான்னு பொம்பளை வேஷம் போட்டவர் பொம்மைக் குழந்தையை என் கைல திணிச்சு, இதுக்கு அப்பன் இவன்தான்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தி காசு கேட்டார். என்கிட்ட 500 பெசோ நோட்டு மட்டும்தான். ரெக்கார்டிங்ல மூணு நிமிஷம் ஊரே சிரிக்குது.

ஆர்த்தேசான்னு இன்னொரு ஆட்டம், அதையும் சேர்த்தே பாத்துடலாம்னு கணக்கு போடாதீங்க, நான் போட்டேன். ஒரே மரத்துல குடைஞ்ச தொட்டியை கவுத்துப் போட்டு மேல ஏறி வெறுங்கால்ல ஆடறது, அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு ஆடினது. குவாஹி பக்கத்து ஊர் சான் நிக்கோலாஸ்ல முன்னாடியே விசாரிச்சுட்டு தனியா போகணும்.

நாலாந்தேதி, திரும்பி வர்ற பஸ்ல தூங்கிட்டு இருக்கேன், அந்த ஆஃபீஸ்லேந்து வாட்ஸ்அப். கையெழுத்து ஆயிடுச்சாம், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி எடுத்துட்டு நேர்ல வரணுமாம்.