சைன் ஆஃபுக்காகக் காத்திருக்கும் பேட்ச்

கல்லூரி நூலகங்களுக்குக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவிக் கொடுத்துப் பராமரிக்கும் சிறு குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். நூலகங்கள் கேட்கும் வசதிகளில் பெரும்பாலானவை கோஹாவில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, அமைப்புகளை மாற்றி, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். இல்லாத ஒன்றைக் கேட்கும்போதுதான் நிரல் எழுத உட்காருகிறோம். அதற்குச் சில வாரங்கள் போதும். ஆனால் எழுதியது உலகெங்கும் உள்ள நூலகங்கள் பயன்படுத்தும் மூல மென்பொருளில் சேர்வதற்கு மாதங்கள் ஆகின்றன, சில சமயம் ஆண்டுகளும் ஆகின்றன. அந்தக் காத்திருப்பில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வேலைமுறையே மாறிவிட்டது.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காகக் கடிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய கோஹா, 2000 ஜனவரியில் அங்கே பயன்பாட்டுக்கு வந்து, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப்பட்டது. இன்று அதற்கு நிரல் எழுதுவோர் பல நாடுகளில், பல நிறுவனங்களிலும் நூலகங்களிலும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் புதிய பதிப்பு வருகிறது, 24.11 என்றால் 2024 நவம்பரில் வந்தது என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிய வசதி எதுவானாலும் முதலில் பக்ஸில்லா என்ற இணையப் பதிவேட்டில் ஒரு பதிவு, அதோடு இணைக்கப்பட்ட பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களைக் கொண்ட கோப்பு), 'சைன் ஆஃப் தேவை' என்ற நிலை. எழுதியவர் அல்லாத வேறொருவர் அதைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்துத் தம் பெயரைப் பதிய வேண்டும்; இதுதான் சைன் ஆஃப். அதன்பின் க்யூஏ எனப்படும் தரச் சோதனைக் குழுவில் ஒருவர் நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்து மறுபடியும் சோதிப்பார். அங்கேயும் தேறினால், அந்த ஆறு மாத சுழற்சியின் வெளியீட்டுப் பொறுப்பாளர் அதை மூலக் கிளையில், அதாவது அடுத்த பதிப்பு உருவாகும் பொது நிரல் தொகுப்பில் சேர்ப்பார். எந்தக் கட்டத்திலும் அது திரும்பி வரலாம்.

இதில் முதல் கட்டத்தைப் பற்றி வெளியில் இருப்போருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சைன் ஆஃப் செய்ய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. பதிவின் எண்ணைக் கொடுத்தால், அந்த பேட்ச் பொருத்தப்பட்ட ஒரு கோஹா உலாவியிலேயே திறந்துகொள்ளும். புத்தகம் வழங்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்த ஒரு நூலகர் அதில் நுழைந்து, சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சைன் ஆஃப் செய்யலாம். என் கணிப்பில் நிரலாளர் செய்யும் சைன் ஆஃபைவிட நூலகர் செய்வதே பயனுள்ளது. நிரலாளர், எழுதப்பட்ட வழியிலேயே போய்ப் பார்க்கிறார். நூலகரோ, வரிசையில் மாணவர்கள் நிற்கும்போது தம் கை எங்கே போகுமோ அங்கே அழுத்திப் பார்க்கிறார்.

எங்கள் நிலுவையில் நெடுநாளாக இருப்பது ஒரு 'நோ டியூ' வசதி. படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் மாணவர், நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நம் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. கோஹாவில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு: கையில் நூல் எதுவும் இல்லாத உறுப்பினருக்கு விடுவிப்புச் சான்று ஒன்றை பிடிஎஃப் கோப்பாக எடுத்து, அதன்பின் அவர் நூல் எடுக்க முடியாதபடி கணக்கைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் நாங்கள் பார்த்தவரை அது ஒவ்வொரு உறுப்பினராகச் செய்ய வேண்டிய வேலை. இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் ஏப்ரல், மே மாத வெயிலில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து செய்வதை எந்த நூலகரும் விரும்பமாட்டார். உறுப்பினர் பட்டியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பாக்கி உள்ளவர்களைத் தனியே காட்டி, மற்றவர்களுக்கு ஒரே முறையில் சான்று எடுத்துக் கொடுக்கும்படி எழுதினோம். கேட்ட கல்லூரியில் சோதித்துப் பார்த்தோம், ஒழுங்காக ஓடியது. பக்ஸில்லாவில் ஏற்றினோம். அதன்பின் நெடுநாள் யாரும் அதைத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. சோதிக்க நினைக்கும் ஒருவர் முதலில் படிப்பது நிரலை அல்ல, பேட்சோடு வரும் விளக்கக் குறிப்பான கமிட் செய்தியின் அடியில் உள்ள சோதனைத் திட்டத்தை. 'பட்டியலைத் தேர்ந்து சான்று எடுத்துப் பார்க்கவும்' என்று ஒரு வரி இருந்தால், நோ டியூ என்ற வழக்கமே இல்லாத ஊரில் இருப்பவர் எங்கிருந்து தொடங்குவார்? எந்த அமைப்பை இயக்க வேண்டும், எந்த உரிமை உள்ள ஊழியராக நுழைய வேண்டும், பட்டியலில் எத்தகையவர்கள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே கண்டுபிடித்தாக வேண்டும். கோஹாவின் சோதனைச் சூழலில் மாதிரித் தரவு ஒன்று தயாராக இருக்கிறது. சென்டர்வில் என்ற நூலகம், எட்னா அகோஸ்டா என்ற உறுப்பினர் எல்லாம் அதில் வருபவர்கள். உலகத்தில் எந்த மூலையில் கோஹாவைச் சோதித்தாலும் முதலில் புத்தகம் எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் இந்த எட்னாவாகத்தான் இருப்பார். ஆகவே திட்டத்தை அந்தத் தரவை வைத்தே திரும்ப எழுதினோம். முதலில் பேட்ச் இல்லாமல் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவும். பிறகு பேட்சைப் பொருத்தி, தரவுத்தளத்தைப் புதுப்பித்து, சேவைகளை மறுபடி தொடங்கவும். எட்னாவின் பெயரில் ஒரு நூலை வழங்கிவிட்டு, அவரையும் கையில் நூல் இல்லாத வேறிருவரையும் ஒரு பட்டியலில் சேர்க்கவும். இப்போது திரையில் எட்னா மட்டும் பாக்கி உள்ளவராகத் தெரிய வேண்டும். அவர் நூலைத் திருப்பியபின் மூவருக்கும் சான்று வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் விளைவு எதிரிலேயே இருந்தது. முதல் சைன் ஆஃப் அதன்பின் சீக்கிரமே வந்தது.

சைன் ஆஃப் செய்தவர் பல கிளைகள் கொண்ட பொது நூலக அமைப்பொன்றில் வேலை செய்பவர். தம் பெயரைப் பதிந்ததோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: பட்டியலில் இருப்பவர்களில் சிலர் வேறு கிளையின் உறுப்பினர்களாக இருந்து, கிளைகளைத் தனித்தனியாக இயக்கும் அமைப்பும் செயலில் இருந்தால், இந்தக் கிளை ஊழியர் அவர்களையும் விடுவிக்க முடியுமா? ஒரே வளாகம், ஒரே நூலகம் என்று இருக்கும் கல்லூரியில் இந்தக் கேள்வி எழவே எழாது. அங்கே இன்னும் பத்து மாணவர் கூட்டத்துக்குச் சான்று எடுத்திருந்தாலும் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது. மீளாய்வு என்பதைப் பிழை பிடிக்கும் வேலையாகவே பலரும் நினைக்கிறார்கள். நான் கண்டவரை, வேறொரு நூலகத்தின் அன்றாடம் நம் நிரலுக்குள் வந்து சேரும் ஒரே வழி அதுதான். பிற கிளை உறுப்பினரைத் தனிப் பகுதியில் காட்டி, அவர்களைத் தொடாமல் விடும்படி மாற்றினோம்.

அடுத்தது க்யூஏ. அங்கே முதலில் ஒரு தானியங்கிக் கருவி ஓடும். உறுப்பினரின் பெயர் போன்ற தரவு திரையில் அச்சாகும் இடங்களில் உரிய வடிகட்டி போடப்பட்டிருக்கிறதா என்பது வரை அது பார்க்கும். பெயர்ப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட் துண்டு ஒன்றை எழுதிவைத்தால் அது ஊழியரின் உலாவியில் ஓடிவிடக் கூடாது அல்லவா. அதை நாங்களே முன்கூட்டி ஓட்டியிருந்ததால் அதில் சிக்கல் இல்லை. மனிதர் படித்தபோது இரண்டு விஷயங்களைக் கேட்டார். தரவைத் தொடும் தொகுதிக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுத வேண்டும் என்பது ஒன்று, நியாயம்தான், எழுதிவிட்டோம். மற்றொன்று பெரியது. ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலைக் கொடுத்தால் பக்கம் திறப்பதற்குள் நேரம் கடந்து உலாவி கைவிரித்துவிடும். ஆகவே பக்கத்தைக் காக்க வைக்காமல் வேலையைப் பின்னால் ஓடவிடும், கோஹாவில் ஏற்கெனவே உள்ள பின்னணிப் பணி வரிசைக்கு இந்த வேலையை மாற்ற வேண்டும் என்றார். பாதி நிரலைத் திரும்ப எழுதினால் தவிர அது நடக்காது. பதிவின் நிலை 'க்யூஏவில் தேறவில்லை' என்று மாறியது.

இதற்கிடையே மூலக் கிளை நின்றுகொண்டிருக்கவில்லை. வாரந்தோறும் மற்றவர்களின் பேட்சுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். நாம் தொட்ட அதே கோப்பை இன்னொருவரும் தொட்டிருந்தால் நம்முடையது பொருந்தாமல் போகும். ஆர்வத்தோடு சோதிக்க வந்தவர், பேட்ச் பொருந்தவில்லை என்ற செய்தியைக் கண்டதும் பதிவின் நிலையை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் குறித்த இடைவெளியில் எடுத்து, அன்றைய மூலக் கிளையின் மேல் மறுபடி பொருத்திப் பார்ப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. இதற்குக் கட்டணம் கொடுப்பவர் யாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சோதிக்க ஆள் கிடைப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த நம்பகமான வழி, முதலில் பிறருடையதைச் சோதிப்பது. இதில் எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும், தம்முடைய பேட்சை ஓட்டிப் பார்த்தவரின் பெயர் நினைவில் நிற்கிறது. அந்தப் பெயர் வேறொரு பதிவில் தென்படும்போது கை அங்கே போகிறது. காலமும் முக்கியம். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே புதிய வசதிகளுக்குக் கதவு மூடிவிடும்; அந்த நேரத்தில் க்யூஏ குழுவின் கவனமெல்லாம் பிழைத் திருத்தங்களின் மேல்தான் இருக்கும். மே பதிப்பில் வர வேண்டியதை ஏப்ரலில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது நவம்பருக்கானது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இதைக் கல்லூரியில் விளக்குவதுதான் கடினம். "அடுத்த செட் பசங்க டிசி வாங்க வர்றதுக்குள்ள வந்துடுமா சார்?" என்று நூலகர் அம்மா கேட்டார். வந்துவிடும் என்று சொல்ல முடியவில்லை. அவர்களுடைய சர்வரில் மட்டும் பேட்சைப் பொருத்திக் கொடுத்துவிடலாம்; பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பு மாறும்போதெல்லாம் அதை அவிழ்த்து மறுபடி பொருத்த வேண்டும், எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அந்தச் சர்வர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோன நூலகங்களை எடுத்துச் சீர்செய்து பழக்கப்பட்டவர்கள் நாங்கள். ஆகவே பேட்ச் பொருத்தாமல், பாக்கி உள்ளவர்களைத் துறை வாரியாகக் காட்டும் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) அறிக்கை ஒன்றைக் கோஹாவின் அறிக்கைப் பகுதியிலேயே எழுதிக் கொடுத்தோம். சான்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்றாலும், யாருக்கு எடுக்கலாம் என்று ஒவ்வொருவராகத் தேடும் வேலை மிச்சமாயிற்று.

பின்னணி வரிசைக்கு மாற்றி எழுதிய வடிவம் இப்போது மீண்டும் 'சைன் ஆஃப் தேவை' நிலையில் இருக்கிறது. நிரல் பெரிதும் மாறிவிட்டதால் பழைய சைன் ஆஃப் செல்லாது. தாமே சாண்ட்பாக்ஸில் சோதித்துக் கொடுத்துவிடட்டுமா என்று நூலகர் அம்மா கேட்டார்கள். விதியில் தடை இல்லை. ஆனால் கேட்டவரும் எழுதியவரும் ஒரே பக்கத்தில் நின்றால் கிளைகளைப் பற்றிய அந்தக் கேள்வி போன்றது மறுபடி வராது என்பதால், பருவ இதழ்ப் பகுதியில் யாரோ எழுதிவைத்து நெடுநாளாகக் கிடக்கும் பேட்ச் ஒன்றின் எண்ணை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். இதழ்கள் வராமல் போவதையும் தாமதமாக வருவதையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் அலுவலகத்தில் இல்லை. சோதனைத் திட்டத்தின் மூன்றாம் படியில் எந்தப் பொத்தானைச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை என நேற்று எழுதியிருந்தார்கள். அதை அப்படியே பதிவில் போட்டு, எழுதியவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.