மேடையில் உங்கள் கிட்டார் உங்களுக்கே கேட்கவில்லையா?

ஆராதனையில் இரண்டாவது சரணம் வருவதற்குள் கிட்டார் காணாமல் போய்விடும். உடனே கை ஆம்ப் வால்யூமுக்குப் போகும். அதைக் கேட்டு கீபோர்டும் ஏறும், டிரம்ஸும் ஓங்கும். கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது.

முதலில் மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்) எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். அது முழங்காலைப் பார்த்தால், தந்தியின் தெளிவைத் தரும் உயர் அதிர்வெண்கள் காதுக்கு வராது. மந்தமான அடிச்சத்தம்தான் வரும். காதை நோக்கி நிமிர்த்துங்கள். ஆம்ப்பும் அப்படித்தான்: தரையில் வைக்காமல் நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள். பாடகரின் மைக் கார்டியாய்டு (நேர் பின்னாலிருந்து வரும் சத்தத்தை மிகக் குறைவாக எடுக்கும் வகை) என்றால் மானிட்டர் மைக்கின் நேர் பின்புறம் இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு (இன்னும் குறுகலாக எடுக்கும் வகை) என்றால் மைக்கின் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில், சற்றே பக்கவாட்டில். இல்லையென்றால் வால்யூம் ஏற்றும்போதே ஊளையிடும்.

அடுத்தது மிக்ஸ். ஆக்ஸ் (மிக்ஸரிலிருந்து மானிட்டருக்குச் சத்தம் போகும் வழி) ப்ரீ-ஃபேடரில், அதாவது சபைக்கான வால்யூம் ஃபேடருக்கு முன்பே பிரியும்படி, இருக்க வேண்டும். போஸ்ட்-ஃபேடரில் இருந்தால் சபைக்குச் சத்தம் குறைக்கும்போதெல்லாம் உங்களுக்கும் குறையும். "கிட்டாரைக் கூட்டுங்கண்ணா" என்பதற்கு முன் "கீபோர்டைக் கொஞ்சம் குறைங்க" என்று கேட்டுப் பாருங்கள். கீபோர்டின் இடதுகை 200 முதல் 400 ஹெர்ட்ஸில் கிட்டாரை மூடிவிடும். அவர் இடதுகையை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் மானிட்டரில் உங்கள் கருவி, முதன்மைக் குரல், தாளத்துக்கு டிரம்ஸின் ஹை-ஹாட்: இவ்வளவு போதும்.

இன்-இயர் (காதுக்குள் மாட்டும் மானிட்டர்) என்றால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றதில் வால்யூம் ஏறிவிடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்.