கோத்தகிரிச் சரிவில் வண்டிப்பாதை: தளம் போடும் முன் மண் வேலை

ஜனவரி 20, திங்கள்

ஊராட்சிச் சாலையின் ஓரத்திலிருந்து போர்டிகோ தரை வரை 13 அடி ஏற்றம். நேராக அளந்தால் 80 அடி தூரம். ஆறடிக்கு ஓரடி ஏறுகிற கணக்கு என்று பார்த்தவுடன் தோன்றும், ஆனால் அது சரியான கணக்கல்ல. கீழே சாலையைத் தொடும் இடத்திலும் மேலே போர்டிகோவைத் தொடும் இடத்திலும் பத்துப் பத்து அடிக்குச் சரிவைப் பாதியாகக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் காரின் முன்பக்கமோ அடிவயிறோ தரையில் உரசும். அந்த இருபது அடியைக் கழித்துப் பார்த்தால் நடுப்பகுதி ஐந்தரை அடிக்கு ஓரடி என்று நிற்கிறது. பாசி பிடித்த ஈரத் தளத்தில் அப்படியொரு ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்.

அதனால் நேர்கோட்டை விட்டுவிட்டு, நடுவில் ஒரு வளைவு வைத்துப் பாதையை 114 அடியாக நீட்டியிருக்கிறோம். இப்போது நடுப்பகுதி எட்டுக்கு ஒன்று. சொந்த வீட்டு வண்டிப்பாதைக்கு மலையில் இதைவிடச் செங்குத்தாகப் போகாமல் இருப்பது நல்லது.

ஜனவரி 21, செவ்வாய்

மட்டம் எடுக்க டியூப் லெவல்தான். வெயிலில் லேசர் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. டியூபில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பும். தண்ணீர் நிரப்பியதும் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

பத்தடிக்கு ஒரு முளை. வளைவில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. நடுக்கோட்டின் ஆரம் 20 அடி, உள் ஓரத்தின் ஆரம் 15 அடி. ஏறும் உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், நடக்கும் தூரம் உள் ஓரத்துக்குக் குறைவு. நடுக்கோடு எட்டுக்கு ஒன்று என்றால் உள் ஓரம் ஆறுக்கு ஒன்று ஆகிவிடும். வண்டியின் உள் சக்கரம் சுழல்வது அங்கேதான். எனவே வளைவின் 20 அடிக்கு மட்டும் பத்துக்கு ஒன்று என்று தளர்த்தி, மீதி 74 அடியை ஏழரைக்குச் சற்று மேல், அதாவது 7.6-க்கு ஒன்று என்று வைத்தோம். வளைவின் முளைகள் பத்தடிக்கு 12 அங்குலம் ஏறும். மற்ற இடத்தில் 15¾ அங்குலம். இரு முனைகளிலும் ஏழரை அங்குலம். கூட்டினால் 13 அடி சரியாக வருகிறது. வளைவை அகலப்படுத்த வேண்டிய மூன்றடியை வெளிப்பக்கம் கொடுத்தாயிற்று. உள்பக்கம் வெட்டினால் மறுபடி அதே செங்குத்துதான்.

தளத்தின் அகலம் 10 அடி. மேட்டுப் பக்கம் ஓரடி வடிகால், பள்ளத்துப் பக்கம் ஒன்றரை அடி தோள் (தளத்தை ஒட்டிய வெறும் ஓரம்). ஆக வெட்ட வேண்டியது 12½ அடி.

ஜனவரி 22, புதன்

இன்று கடப்பாரை எடுக்கவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்பதை மட்டும் பார்த்தோம்.

ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை என்று வைத்துக்கொண்டால், இந்தத் தளத்தின் மேல் மட்டும் விழும் தண்ணீர் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். மேலே உள்ள தேயிலைச் சரிவிலிருந்து வருவது தனி. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் உயிரிழந்தார்கள். சரிவை வெட்டுகிற ஒவ்வொருவரும் அந்த நவம்பரை மனத்தில் வைத்துத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

முடிவு செய்தவை: தளம் மேட்டுப் பக்கமாகவே சாயும், பத்தடி அகலத்துக்கு 3 அங்குலம். பள்ளத்துப் பக்கம் சாய்த்தால் தண்ணீர் புது நிரவல் மண்ணின் (பள்ளத்தை மேடாக்க நிரப்பும் மண்) மேல் வழிந்து அதைக் கரைத்துவிடும். வெட்டு விளிம்புக்கு மேலே எட்டடி தள்ளி ஒரு மேல்வாய்க்கால், மேலேயிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துப் பக்கவாட்டில் கொண்டுபோக. அதை விளிம்பை ஒட்டித் தோண்டுவது பெரிய தவறு. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, வெட்டிய சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். அடியில் சிமெண்ட் பூச வேண்டும், வெறும் மண் வாய்க்காலாக விடக் கூடாது.

ஜனவரி 24, வெள்ளி

அனுமதி வேலைகள் சுருக்கமாக. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேட்காமல் இறக்கினால் வண்டி பறிமுதலாகும். இந்த அளவு வேலைக்கு ஆட்களே போதும் என்று விட்டுவிட்டோம். பாதையில் நிற்கும் ஒரு சில்வர் ஓக்கை வெட்டவில்லை. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது, அதைவிட அந்த மரத்தின் வேர்தான் அங்கே மண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. பாதையின் கோட்டையே இரண்டடி நகர்த்தினோம். சாலையோரக் கால்வாயின் மேல் குழாய் பதிக்க ஊராட்சியில் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 27, திங்கள்

வெட்டு தொடங்கியது. முதலில் கிகுயு புல்லைப் பாளம் பாளமாக அறுத்து நிழலில் அடுக்கி, சாக்கு போட்டு நனைத்து வைத்தோம். கடைசியில் வெட்டுச் சுவரின் மேல் ஒட்ட இதுவே உதவும். அதன் கீழே பத்து அங்குலக் கருமண். இதை ஒரு கூடைகூட நிரவலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வேரும் மக்கும் கலந்த மண் மக்கி மக்கி அமுங்கிக்கொண்டே இருக்கும். தோட்டத்துக்குப் போகட்டும்.

கருமண்ணுக்குக் கீழே சிவந்த களிமண், இடையிடையே மக்கிய பாறை. வெட்டும் ஆழம் சராசரி ஒன்றே முக்கால் அடி, ஆக ஏறக்குறைய 25 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). இதில் பள்ளத்துப் பக்க நிரவலுக்கு 7 யூனிட் போக, 18 மீதி. வெட்டிய மண் கால் பங்கு பெருக்கும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் டிப்பர் கணக்கில் ஏமாறுகிறார்கள். 18 என்பது வண்டியில் ஏறும்போது இருபத்திரண்டரை யூனிட். ஒன்றரை யூனிட் பிடிக்கும் சின்ன டிப்பரில் 15 நடை. எங்கே கொட்டுவது என்பது எழுத்தில் முடிவானது. கீழேயுள்ள ஓடையில் தள்ளிவிடுவது மலைக்குச் செய்யும் துரோகம். அடுத்த மழையில் அது யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கும்.

ஜனவரி 29, புதன்

45-ஆவது அடியில் ஒரு குண்டுக்கல், பாதி மண்ணுக்குள். இந்த மலைகளில் மக்கிய மண்ணுக்குள் மக்காத சார்னோகைட் என்ற கடும்பாறை உருண்டைகள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். அடிமண்ணைத் தோண்டி உருட்டிவிட நினைக்கக் கூடாது, அது எந்தப் பக்கம் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழ்ப்பக்கம் ஆள் யாரும் நிற்காமல், மேலிருந்தே ஆப்புக் குழி வரிசையாகப் போட்டு, ஆப்புகளைச் சம்மட்டியால் மாறி மாறித் தட்டிப் பிளந்தார்கள். வெடிக்கு இங்கே இடமில்லை. பிளந்த கல் தடுப்புச் சுவருக்குப் போகிறது.

ஜனவரி 31, வெள்ளி

எதிர்பார்த்த இடத்திலேயே கசிவு. 63-ஆவது அடியில், சுற்றிலும் காய்ந்திருந்தும் அங்கே மட்டும் பெரணி பச்சையாக நின்றது. வெட்டியதும் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் நூலாக இறங்குகிறது. ஜனவரியிலேயே இப்படி என்றால் நவம்பரில் இது ஊற்று. மூடிவிட்டு மேலே ஜல்லி கொட்டினால் ஒரே வருடத்தில் அந்த இடத்தில் தளம் அமுங்கும்.

மேட்டுப் பக்கத்தை ஒட்டி ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு அடிவாய்க்கால் வெட்டினோம். முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன் மேல் மூன்று அங்குலம் 20 எம்.எம். ஜல்லி, பிறகு நான்கு அங்குல ஓட்டைக் குழாய், மேலே மறுபடி ஜல்லி, கடைசியில் துணியை இரு பக்கமும் மடித்து மூடல். ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் குழாயின் மேல்மட்டம் வரை ஏறாத தண்ணீர் உள்ளே வராது. துணி இல்லாமல் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் களிமண் நுழைந்து குழாய் அடைத்துவிடும். குழாயின் வாய் திறந்த இடத்தில் கல் பாவி விட்டோம்.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவர். அதிக உயரம் நாலரை அடி. அடியகலம் இரண்டே முக்கால் அடி; உயரத்தில் பாதிக்கு மேல், அறுபது சதவீதத்தை ஒட்டி. அடித்தளம் கெட்டி மண்ணுக்குள் ஒன்றரை அடி. முகப்பு மேட்டுப் பக்கம் சாய்ந்து ஏற வேண்டும். தண்ணீர் வெளியேற ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பி.வி.சி. துண்டுகள், வெளிப்பக்கம் சரிவாக, அடுத்த வரிசை இடம் மாறி. சுவருக்குப் பின்னால் ஓரடிக்குச் சின்னக் கற்கள். சுவர் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மண்ணின் எடை மட்டுமல்ல, வழியில்லாமல் பின்னால் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்.

பிப்ரவரி 5, புதன்

நிரவல். இந்த வேலை முழுவதிலும் அதிகம் கெட்டுப்போகிற இடம் இதுதான். வெட்டிய மண்ணை அப்படியே சரிவின் மேல் தள்ளி, மேலே வண்டி ஓட்டிச் சமன் செய்துவிடுவார்கள். முதல் மழைக்குப் பிறகு பாதையின் நீளவாக்கில், வெட்டும் நிரவலும் சேரும் கோட்டில், ஒரு விரிசல் விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். அடுத்த மழையில் வெளிப்பாதி கீழே போய்விடும்.

பழைய சரிவைப் படிப்படியாக வெட்டுவதுதான் மருந்து. ஒவ்வொரு படியும் இரண்டரை அடி அகலம், மலைப்பக்கம் சற்றே சாய்ந்து. புது மண் வழுக்க இடமில்லாமல் படியில் உட்காரும். ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரு அடுக்கு கூடாது. திமிசுக் கட்டையாலோ பிளேட் கம்பாக்டராலோ இடித்து நாலரை அங்குலத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த அடுக்கு.

ஈரப்பதம் பார்க்கக் கையே போதும். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டால், இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். கையில் சேறு ஒட்டினால் ஈரம் அதிகம். பரப்பிக் காயவிட வேண்டும். பொடியாக உதிர்ந்தால் பூவாளியால் தெளிக்க வேண்டும். காலையில் பனி இறங்கிய களிமண் எண்ணெய் தடவியது போல இருக்கிறது, ஒன்பதரை மணிக்கு முன் இடிப்பதில் பயனில்லை. இங்கே பனி புல்லை வெளுக்க வைக்கும், மண்ணை ஆழமாக உறைய வைக்காது. அதனால் குளிர்நாட்டுக் கணக்கில் ஜல்லியை மூன்றடிக்கு நிரப்ப வேண்டியதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

முடிவு மட்டத்திலிருந்து 16 அங்குலம் கீழே அடிமண். கணக்கு: 80 எம்.எம். பேவர் பிளாக், 30 எம்.எம். படுகை, 150 எம்.எம். வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து இடிக்கும் ஜல்லிக் கலவை), 150 எம்.எம். ஜி.எஸ்.பி. (அதன் கீழே போடும் ஜல்லிக் கலவை அடுக்கு). அடிமண்ணுக்கே மேலே வரப்போகும் அதே சாய்வைக் கொடுத்தாயிற்று. அடியைத் தட்டையாக விட்டு, ஜல்லியின் கனத்தில் சாய்வைச் சரிசெய்தால் ஒரு ஓரம் மெலிந்துபோகும், உள்ளே இறங்கும் தண்ணீரும் தேங்கும்.

ஜல்லி கொட்டும் முன் தண்ணீர்க் குழாய்க்கும் மின் கேபிளுக்கும் இரண்டு நான்கு அங்குலக் குழாய்களைக் குறுக்கே இரண்டடி ஆழத்தில் பதித்தோம். இப்போது தேவையில்லை என்றாலும் வெறுமனே பதித்து, வாயை மூடி, இடத்தைச் சுவரில் குறித்துவிடலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

கற்கள் ஏற்றிய பிக்கப்பை அடிமண்ணின் மேல் நடைவேகத்தில் ஏற்றி இறக்கினோம். கூடவே ஒருவர் சக்கரத்தைப் பார்த்தபடி நடந்தார். 70-ஆவது அடியில் மண் மெத்தை போல அமுங்கி எழுந்தது. கசிவு ஊறிய இடத்தின் மிச்சம். ஐந்தடிக்கு நான்கடி, ஓரடி ஆழம் வெட்டி எடுத்து ஜி.எஸ்.பி.யால் நிரப்பி இடித்து, மறுபடி வண்டியை ஏற்றிப் பார்த்தோம். அசையவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஜி.எஸ்.பி. 8 யூனிட் வந்து சேர்ந்தது. இடித்த பிறகு தேவை ஆறேகால்தான். தளர்ந்த நிலையில் கால் பங்குக்கு மேல் கூடுதலாக வாங்கினால்தான் அது கிடைக்கும். பரப்புவது கீழேயிருந்து மேலே. கம்பாக்டரும் மேல்நோக்கியே; கீழ்நோக்கி ஓட்டினால் அதிர்வில் கல் இறங்கி, மேல்முனை மெலிந்துவிடும். மூன்று அங்குலமாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஆறு நடை.

சாலையோரக் கால்வாயில் 18 அங்குல ஹியூம் குழாய் (கான்கிரீட் குழாய்) உட்கார்ந்துவிட்டது. 9 அங்குலம் போதும் என்பார்கள். சீகை இலையும் பிளாஸ்டிக்கும் ஒரு மழையில் அதை அடைத்துவிடும், தண்ணீர் சாலையில் ஏறும். பாதையின் கீழ்முனையில் குறுக்கே கம்பி மூடி போட்ட வடிகால், இந்தத் தண்ணீர் சாலையில் பாயாமல் நேரே குழாய் வாயில் விழும்படி.

மேட்டுப் பக்க வடிகாலில் பத்தடிக்கு ஒரு குறுக்குக் கல். அவ்வளவு சரிவில் தடையின்றி ஓடும் தண்ணீர் அடியை அரித்துவிடும்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெட் மிக்ஸ் முடிந்தது. முளைகளுக்கு நூல் கட்டி ஒவ்வொரு ஐந்தடியிலும் சரிபார்த்ததில் அதிகபட்ச வித்தியாசம் கால் அங்குலம். ஐந்து குடம் தண்ணீரை மேல்முனையில் ஊற்றினோம். நடுவில் எங்கும் நிற்காமல் உள்பக்கம் திரும்பி வடிகாலில் இறங்கியது. புல் பாளங்களை வெட்டுச் சுவரில் மூங்கில் குச்சியால் தைத்து நனைத்தாயிற்று. திங்கள்கிழமை கீழ்முனையில் குறுக்கு கான்கிரீட் விட்டம். பேவர் பிளாக் அதில் முட்டுக்கொடுத்து மேல்நோக்கி ஏறும்.