ஸ்பெஷல் எஜுகேஷன் படிக்கலாம்னு இருக்கீங்களா?

பாபநாசம் பக்கம் எங்க ஊரு. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற டிப்ளமோ, ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருக்கேன். சொந்தக்காரங்க யாரைப் பாத்தாலும் "புண்ணியம்டி, நீ நல்லா இருப்ப"ங்கறாங்க. பாசமாதான் சொல்றாங்க, ஆனா எனக்கு உறுத்தும். இது புண்ணியத்துக்கு பண்ற வேலை இல்லங்க, கத்துக்கிட்டு பண்ற தொழில். மனசு மட்டும் இருந்து தொழில் தெரியலன்னா எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுத்துருவோம், பிள்ளை நின்ன இடத்துலயே நிக்கும்.

சட்டை பட்டன் போடறதையே எடுத்துக்கங்க. ரெண்டு ஓரத்தையும் சேத்துப் பிடிக்கணும், காஜாவை விரிக்கணும், பட்டன் விளிம்பை நுழைக்கணும், அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதை இன்னொரு கையால இழுக்கணும். இப்படி உடைச்சு எழுதிட்டு மொத எல்லாத்தையும் நாம செஞ்சு கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைகிட்ட விடணும், அது பழகுனதும் அதுக்கு முந்தின ஸ்டெப்பையும் விடணும், அப்படியே பின்னாலேர்ந்து முன்னால வரணும். பேக்வேர்ட் செயினிங்னு பேரு. ஒவ்வொரு தடவையும் வேலையை முடிக்கறது அவன் கைதான், சூட்சுமமே அதுலதான் இருக்கு. பிராக்டிகல்ல ஒரு பதினாலு வயசுப் பையன் விரல் பட்டனைத் தேடித் தேடி வழுக்கும்போது நம்ம கை தானா முன்னால போகும் பாருங்க, அதை அடக்கி வைக்கத்தான் மெயினா ட்ரெய்னிங்.

ஒரு பிள்ளைக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு பாக்க எம்டிபிஎஸ்னு (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) ஒரு செக்லிஸ்ட் இருக்கு, மெட்ராஸ்லயே உருவாக்குனது, 18 பகுதி, 360 திறன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா பிள்ளைக்கு எது வரலங்கறதுக்கு முன்னாடி எது வருதுன்னு பாக்க வைக்குது.

ஆனா பிள்ளைக்கு என்னென்ன சொல்லிக்குடுக்கறதுன்னு நாம எழுதற ப்ளான் வீட்டுக்கு ஒத்து வரணும். வீட்ல கைலி கட்டற பையனுக்கு ஷூ லேஸ் கட்ட சொல்லிக்குடுத்து என்ன பண்றது? கைலி கட்ட, அடிபம்புல தண்ணி பிடிச்சு சிந்தாம கொண்டு வர, ரேஷன் கடைக்கு அம்மாகூட போய் பையைப் பிடிச்சு நிக்க, இதெல்லாம்தான் மொதல்ல. நடவு நேரத்துல அம்மாங்க விடியக்காலம் வயலுக்குப் போயிருவாங்க, பிள்ளை பாட்டிகிட்ட இருக்கும், சென்டருக்கும் வராது. அப்ப பாட்டிக்குதான் சொல்லிக்குடுக்கணும், அதையும் ப்ளான்ல எழுதணும். எந்தப் பாடத்துலயும் நடவு வராது, நாமதான் சேத்துக்கணும்.

அம்மாங்க கேக்கற கேள்வி ஒண்ணுதான், "எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா மிஸ்?" சும்மா ஆறுதல் சொல்லிட்டு வந்தா பத்தாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல 18 வயசுக்கு மேல சட்டப்படி கார்டியன் போட வழி இருக்கு, மாவட்ட அளவுல அதுக்குன்னு கமிட்டி இருக்கு, நிராமயான்னு ஒரு லட்ச ரூபா வரைக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கு. இதை விவரமா சொல்லத் தெரியறதும் நம்ம வேலைதான்.

சேரணும்னு நெனக்கிறவங்களுக்கு: ப்ளஸ் டூ முடிச்சா டிப்ளமோ சேரலாம், ரெண்டு வருஷம். காலேஜுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கான்னு ஆர்சிஐ வெப்சைட்லயே பாத்துட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க. அது இல்லாத எடத்துல படிச்சா ஆர்சிஐல பதிவு பண்ண முடியாது, பதிவு நம்பர் இல்லாம இந்தத் தொழில் பண்ணக் கூடாதுன்னு 1992 ஆர்சிஐ சட்டமே சொல்லுது. சேர்றதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுட்டு ஒரு நாள் முழுக்க உக்காந்து பாருங்க, சாப்பாட்டு நேரத்தை மட்டும் விட்றாதீங்க.